ஒன்றரை லட்சமா, பதினைந்து லட்சமா?

இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கிடக்கும் குரோமியக் கழிவு எத்தனை டன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் காகிதங்களுக்குள் இறங்கினேன். கழிவு மேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பக்கத்து ஊர்களான காரையிலும் புளியந்தாங்கலிலும் எவரும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். அதன் எடையைத்தான் ஆவணங்கள் மூன்று விதமாகச் சொல்கின்றன. ஓர் உலக அறிக்கை 15 லட்சம் டன் என்கிறது. நம் ஆய்வாளர்களின் கட்டுரைகள் ஒன்றரை லட்சம் என்கின்றன. பிற்காலத்தில் அரசுத் தரப்பில் அடிபடும் எண் 2.27 லட்சம். கழிவைக் கொட்டிய தொழிற்சாலை 1990களின் நடுவிலேயே மூடப்பட்டுவிட்டது. அதன்பின் அங்கே ஒரு கூடைகூடப் புதிதாகக் கொட்டப்படவில்லை. அப்படியிருக்க எண் மட்டும் ஏன் இத்தனை ஆட்டம் போடுகிறது?

தொழிற்சாலையின் பெயர் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். மாநில அரசின் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டு, அதன் முதல் வளாகம் இராணிப்பேட்டையில் அமைந்த பிறகு, 1970களின் நடுவில் அங்கே வந்தது. வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஷாப்புகள் இருந்த வட்டாரம் அது. தோலை குரோம் முறையில் பதனிட பேசிக் குரோமியம் சல்பேட் என்ற பச்சைத் தூள் வேண்டும். அந்தத் தூளையும் அதற்கு மூலமான சோடியம் பைக்ரோமேட்டையும் இந்த ஆலை தயாரித்தது.

தயாரிக்கும் முறையைச் சொல்லாமல் மேட்டைப் புரிந்துகொள்ள முடியாது. குரோமைட் தாதுவைப் பொடித்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வறுக்கிறார்கள். தாதுவில் சாதுவாகக் கிடந்த குரோமியம்-3, காற்றோடு சேர்ந்து குரோமியம்-6 ஆகிறது. வறுத்ததைத் தண்ணீரில் ஊறவைத்து மஞ்சள் கரைசலை வடித்து எடுத்துக்கொண்டால் சக்கை மிஞ்சும். எவ்வளவு வடித்தாலும் சக்கைக்குள் கொஞ்சம் குரோமியம்-6 தங்கிவிடும். மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து வெளியேறும். அதனால்தான் மேட்டின் அடிவாரத்தில் தேங்கும் நீர் மஞ்சளாக இருக்கிறது. குரோமியம்-6 புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது உறுதிசெய்யப்பட்ட விஷயம். குடிநீரில் மொத்தக் குரோமியமே லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு.

15 லட்சத்தில் இருந்து தொடங்குகிறேன். உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த எண் அதுதான். நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலை வெளியிட்டது. செர்னோபில், நோரில்ஸ்க், ஜாம்பியாவின் கப்வே ஆகியவற்றோடு இராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் வரி வரியாகப் படித்தேன். தொழிற்சாலையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் உள்ள குடியிருப்பில் மூன்று திறந்த கிணறுகளும், ஒரு டஜன் ஆழ்துளைக் கிணறுகளும், இருபத்தைந்து அளவிலான பொது அடிபம்புகளும் குரோமியம் காரணமாகக் கைவிடப்பட்டன என்று அதில் இருக்கிறது. இந்த விவரம் களத்தில் நடந்து எண்ணியவர்களிடமிருந்து வந்தது என்பது படிக்கும்போதே தெரிகிறது. அதற்கு மேலே இன்னொரு வரி. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீடு என்று சொல்லி, 1,500,000 டன் திடக்கழிவு இரண்டு ஹெக்டேர் நிலத்தில் மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் குவிந்திருக்கிறது என்கிறது.

எடை, பரப்பு, உயரம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. ஒரு காகிதமும் பேனாவும் போதும். இரண்டு ஹெக்டேர் என்றால் 20,000 சதுர மீட்டர். ஐந்து மீட்டர் உயரம் என்றே வைத்துக்கொண்டாலும் கன அளவு ஒரு லட்சம் கன மீட்டர். அதற்குள் 15 லட்சம் டன் அடங்க வேண்டுமானால் ஒரு கன மீட்டர் சக்கை 15 டன் எடை இருக்க வேண்டும். ஈயம் 11.3 டன். பாதரசமே 13.5 டன்தான். மூன்று மீட்டர் உயரம் என்று எடுத்தால் கன மீட்டருக்கு 25 டன் வருகிறது. பூமியில் எந்த உலோகமும் அத்தனை கனம் கிடையாது.

அதே கணக்கில் ஒன்றரை லட்சம் டன்னைப் போட்டுப் பார்த்தேன். ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கன மீட்டருக்கு 1.5 டன். நான்கு மீட்டர் என்றால் 1.9 டன்னை ஒட்டி வருகிறது. ஈரம் கண்டு இறுகிப்போன தாதுச் சக்கைக்கு நம்பத்தக்க எடை அது. இந்த 1.9ஐ வைத்துத் திருப்பிப் போட்டால், 15 லட்சம் டன்னை அந்த இடத்தில் குவிக்க மேடு 39 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும். பதின்மூன்று மாடிக் கட்டடம். அப்படி ஒன்று இருந்திருந்தால் பாலாற்றுக்கு அக்கரையில் ஆற்காட்டில் நின்றே பார்த்திருக்கலாம்.

இன்னொரு வழியிலும் சோதித்தேன். ஆலை ஓடியது இருபது ஆண்டு. ஒன்றரை லட்சம் டன் என்றால் நாளுக்கு இருபது டன் கழிவு. பத்து டன் லாரியில் இரண்டு நடை. 15 லட்சம் என்றால் நாளுக்கு இருநூறு டன்னுக்கு மேல். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஹட்சன் கவுண்டியில் 1905 முதல் 1976 வரை மூன்று குரோமேட் ஆலைகள் ஓடின. அங்கும் செய்முறை இதுதான். மூன்றும் சேர்ந்து எழுபது ஆண்டில் விட்டுச்சென்ற சக்கை 20 லட்சம் டன்னுக்கு மேல். இராணிப்பேட்டையில் ஒரே ஆலை இருபதே ஆண்டில் அதில் முக்கால் பங்கைக் கொட்டியிருக்க வழியில்லை.

அப்படியானால் 1,500,000 எங்கிருந்து வந்தது? என் ஊகம் இது. நம் அலுவலகங்களில் ஒன்றரை லட்சத்தை 1,50,000 என்று எழுதுவோம். லட்சம், கோடி வழக்கப்படி இரண்டு இரண்டு இலக்கமாகக் கால்புள்ளி இடுவோம். மூன்று மூன்றாகவே எண்ணிப் பழகிய ஒருவருக்கு, முதல் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம் இருப்பது தட்டச்சுப் பிழையாகத் தெரிந்திருக்கும். ஒரு பூஜ்யம் விட்டுப்போயிற்று என்று நினைத்து அதைச் சேர்த்திருப்பார்கள். பரப்பையும் உயரத்தையும் யாரும் திருத்தவில்லை. அதனால்தான் அந்த வாக்கியம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது.

அதே பக்கத்தில் இன்னோர் எண்ணும் என்னை உறுத்தியது. பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள் 35,00,000 பேர். இராணிப்பேட்டை நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டியது. அப்படியென்றால் 35 லட்சம் பேர் யார்? 2001 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினேன். அன்றைய வேலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 34,77,317. திருப்பத்தூரும் குடியாத்தமும் அரக்கோணமும் சேர்ந்த முழு மாவட்டம். குரோமியம் எங்கே நகர்ந்தது என்று நிலத்தடியில் அளந்து எடுத்த எண்ணாக அது எனக்குத் தோன்றவில்லை. மாவட்ட எல்லைக்குள் இருந்த எல்லோரையும் கூட்டிய எண்ணாகத் தோன்றுகிறது.

இதைச் சொல்வதால் அந்த அறிக்கையின் மதிப்பைக் குறைக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். இராணிப்பேட்டையை உலகத்தின் கண்ணில் நிறுத்தியது அதுதான். ஆனால் பத்து மடங்கு பெருத்த எண் பாதிக்கப்பட்ட மக்களுக்குத் துணை செய்வதில்லை. சுத்தப்படுத்தும் செலவையும் அது பத்து மடங்காக்கிக் காட்டும். இவ்வளவு பெரிய வேலையா என்று கோப்பை ஓரமாக வைப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

கழிவின் வகையைக் குறிக்கும் இடத்தில் அந்தப் பக்கம் ‘தோல் பதனிடும் கழிவு’ என்கிறது. சாயப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. மேட்டில் இருப்பது தோல் ஷாப்புக் கழிவு அல்ல. தோல் ஷாப்புகளுக்கு மருந்து விற்ற ஆலையின் கழிவு. இந்த வேறுபாடு ஏதோ சொல்நுணுக்கம் என்று தோன்றலாம். பணம் யார் தர வேண்டும் என்ற கேள்வி இதில்தான் அடங்கியிருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தந்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் பாடம். நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் வேரூன்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வை அது எடுத்துக்காட்டுகிறது. அந்தத் தீர்ப்பை ஒட்டி நீதிபதி பாஸ்கரன் தலைமையில் அமைந்த ஆணையம் 29,193 பேருக்கு ரூ.26.82 கோடி இழப்பீடு என்று கணக்கிட்டது. அத்தனையும் தோல் ஆலைகளின் கழிவுநீருக்கானது. அவை ஓடிக்கொண்டிருந்த ஆலைகள். அவற்றிடம் அபராதம் வாங்கலாம், மூடச் சொல்லலாம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வைக்கலாம். குரோமேட் ஆலையோ அந்தத் தீர்ப்பு வந்த நேரத்தில் கதவடைத்திருந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று சொன்னால், பூட்டிய கதவிடம் யார் போய் வசூலிப்பது? மேட்டின் விஷயத்தில் பொதுப்பணம் அவசியமாவது இந்த இடத்தில்தான்.

பொதுப்பணம் வந்ததா என்று தேடினேன். முதல் தடம் ஹைதராபாத்தில் கிடைக்கிறது. அங்குள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இராணிப்பேட்டைக்கு வந்து நிலத்தடியில் மின்தடை அளந்திருக்கிறார்கள், கிணற்று நீரைச் சோதித்திருக்கிறார்கள், மாசு நகரும் பாதையைக் கணினியில் மாதிரி போட்டிருக்கிறார்கள். அது மத்திய அரசின் ஆய்வுக்கூடம். அந்தச் சம்பளமும் கருவியும் மக்கள் பணம். அவர்கள் செய்த வேலை எளிதானதல்ல. இந்தப் பகுதி கடினப் பாறை நிலம். மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்புகள். குரோமியம்-6 மண்ணோடு அவ்வளவாக ஒட்டிக்கொள்ளாமல் நீரோடு போகும். வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும். ஒரு தெருவில் ஒரு வீட்டுப் போர் நன்றாக இருக்க, அடுத்த வீட்டுப் போரில் மஞ்சள் தண்ணீர் வருவது இதனால்தான். எனவே நாலு இடத்தில் தண்ணீர் மொண்டு சோதித்தால் போதாது. பல இடங்களில் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண்ணெடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் நீரெடுத்து ஆண்டுக்கணக்கில் பார்க்க வேண்டும். ஆய்வுக்கே பெரிய செலவு பிடிப்பதன் காரணம் அது.

இரண்டாவது தடம் நிலக்கரியில் இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. 2010இல் மத்திய அரசு நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி போட்டு, தேசியத் தூய எரிசக்தி நிதியம் என்ற ஒன்றை ஏற்படுத்தியது. வரி 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400 என்று ஏறியது. அபாயக் கழிவுகளால் மாசுபட்ட பழைய இடங்களை மதிப்பிட்டு, விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க இந்த நிதியத்தில் இருந்து பணம் ஒதுக்கினார்கள். கேரளத்தின் ஏலூர், ஒடிசாவின் தால்சர், கான்பூருக்கு அருகே ராணியா என்று நீளும் அந்தப் பட்டியலில் இராணிப்பேட்டையும் உண்டு. ராணியாவில் கிடப்பதும் இதே குரோமியச் சக்கைதான்.

அந்த நிதியத்தின் கதை எனக்கு ஆறாத கோபத்தைத் தருகிறது. 2010-11 முதல் 2017-18 வரை இந்த மேல்வரியாக வசூலானது சுமார் 86,440 கோடி ரூபாய் என்று மத்திய அரசின் கணக்கே சொல்கிறது. நிதியத்துக்கு மாற்றப்பட்டது 29,600 கோடியைச் சற்றுத் தாண்டும். திட்டங்களுக்குச் செலவானது 15,911 கோடி. வசூலித்த நூறு ரூபாயில் பதினெட்டு ரூபாய் சொச்சம். பிறகு 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது மேல்வரியே மாநிலங்களுக்கான இழப்பீட்டு வரியாக மாறிவிட்டது. மாசுபட்ட நிலங்களுக்கும் பணம் தந்த ஓர் ஊற்று, திறந்த ஏழே ஆண்டில் அடைபட்டது. இத்தனைக்கும் 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழில் வட்டாரங்களுக்கு மதிப்பெண் போட்டபோது, வேலூர்-வடஆற்காடு 81.79 வாங்கி எட்டாவது இடத்தில் இருந்தது. 70ஐத் தாண்டினாலே கடும் மாசு என்பது அவர்கள் வைத்த கோடு. அவசரம் என்னவென்று தெரியாமல் யாரும் இல்லை.

அமெரிக்காவில் மாசுபட்ட நிலத்தைப் பொதுப்பணத்தில் ஆராயும் முறையை ஒப்பிட்டுப் பார்த்தேன். 1993இல் கிளீவ்லாந்து இருக்கும் கயஹோகா கவுண்டிக்கு இரண்டு லட்சம் டாலர் கொடுத்து அவர்களுடைய மத்திய சுற்றுச்சூழல் முகமை ஒரு திட்டம் தொடங்கியது. 2002இல் அதற்குச் சட்டமே வந்தது. கைவிடப்பட்ட ஆலை நிலத்தில் நஞ்சு இருப்பது நிரூபணமாக வேண்டியதில்லை, இருக்கலாம் என்ற சந்தேகமே போதும். சிறு நகராட்சிகூட மதிப்பீட்டுக்கு மானியம் கேட்கலாம். அந்த மதிப்பீட்டின் முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்கூடத் தோண்டுவதில்லை. பழைய தீக்காப்பீட்டு வரைபடங்கள், வான்படங்கள், பத்திரப் பதிவுகள் எல்லாவற்றையும் படித்து, எந்த இடத்தில் எந்தத் தொட்டி இருந்தது, எந்த மூலையில் எதைக் கொட்டினார்கள் என்று எழுதுகிறார்கள். பொதுப்பணம் முதலில் போய்ச் சேருவது ஆவணத்துக்கு. நிலம் வாங்குபவர் இந்த விசாரணையைச் செய்யாமல் வாங்கினால் பொறுப்பும் அவர் தலையில் ஏறும் என்பதால் தனியாரும் இதைச் செய்கிறார்கள்.

இராணிப்பேட்டையில் ஒருவர் சிப்காட் பக்கம் ஒரு மனை வாங்குகிறார் என்று வைப்போம். பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். முப்பது ஆண்டு அடமானமும் பாகப்பிரிவினையும் அதில் வரும். அந்த மனைக்கு அடியில் ஓடும் நீரில் குரோமியம் இருக்கிறதா என்ற வில்லங்கம் வராது. அரசு பணம் கொடுத்து எடுத்த ஆய்வு அலுவலக அலமாரியில் இருக்க, அதே சர்வே எண்ணில் ஒரு குடும்பம் கிணறு தோண்டும். இது எனக்குப் பொறுக்கமுடியாத விஷயம். மேட்டைச் சுற்றி எடுத்த ஒவ்வோர் அளவும் சர்வே எண்ணோடு சேர்த்துப் பொதுவில் வைக்கப்பட வேண்டும்.

ஆய்ந்து எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இதே சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அந்தத் தொட்டி குரோமேட் மேட்டோடு சம்பந்தப்பட்டதல்ல. ஆனால் எத்தனை டன் எங்கே நிற்கிறது, எதன் பலத்தில் நிற்கிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

2025இல் இரண்டு காகிதங்கள் புதிதாகச் சேர்ந்தன. ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசே முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடம் பட்டியலிடப்பட்டால் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு, அடுத்த 90 நாளில் விரிவான ஆய்வு என்று காலக்கெடு வைத்திருக்கிறார்கள். மாசுபடுத்தியவர் இல்லாமல் போனாலோ கொடுக்க வக்கில்லாமல் போனாலோ மத்திய, மாநில அரசுகள் செலவை ஏற்கும். விதிகள் வந்த நேரத்தில் நாட்டில் அடையாளம் காணப்பட்ட மாசுபட்ட இடங்கள் 103; சீரமைப்பு வேலை தொடங்கியிருந்தது ஏழில் மட்டும்.

மூன்றாவது எண்ணுக்கு வருகிறேன். 2.27 லட்சம் டன். அதே 1.9 எடையை வைத்துக் கணக்குப் போட்டால் கன அளவு ஏறக்குறைய 1,19,500 கன மீட்டர். இரண்டு ஹெக்டேரில் பரப்பினால் ஆறு மீட்டர் உயரம். பழைய விவரிப்பைவிட ஒரு மீட்டர்தான் கூடுதல். 15 லட்சத்தைப் போல இது கணக்கில் உதிர்ந்துவிடும் எண் அல்ல. மேட்டுக்கு அடியில் உள்ள மண்ணும் குரோமியம் ஏறிக் கழிவாகிவிட்டது, அதையும் சேர்த்து எடை போட்டிருக்கிறார்கள் என்று படிப்பது பொருத்தமாக இருக்கிறது. அது சரியென்றால் ஒன்றரை லட்சமும் 2.27 லட்சமும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. முன்னது கொட்டியது, பின்னது கெட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள 77,000 டன், ஆலை மூடிய பிறகும் மேடு சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

இதை உறுதி செய்யத் துளையிட்ட பதிவேடுகள் வேண்டும். எந்த இடத்தில் எத்தனை மீட்டர் வரை சக்கை, அதற்குக் கீழே எத்தனை மீட்டர் வரை மஞ்சள் ஏறிய மண், எங்கே பாறை தட்டியது என்று துளைக்குத் துளை எழுதியிருப்பார்கள். திட்ட அறிக்கைகளில் அவை இணைப்பாகக் கடைசியில் போகும்; சுருக்கம் மட்டுமே வெளியே வரும். அந்த இணைப்புகளைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பியிருக்கிறேன். துளைகளின் இடத்தைச் சர்வே எண்ணோடு தரும்படியும், எண்களைக் கால்புள்ளியோடும் எழுத்தாலும் எழுதித் தரும்படியும் கேட்டிருக்கிறேன்.